கல்லீரல் நார்மல்தான், ஆனால் காலில் ஏன் செம்புள்ளிகள்?

கேள்வி: வயது 51. ஹெபடைடிஸ் சி இருப்பது சில வருடங்களாகத் தெரியும். கல்லீரல் நார்மல் என்றதால் மருந்து எடுக்கவில்லை. இப்போது கணுக்காலைச் சுற்றிச் செம்புள்ளிகள் வந்து வந்து போகின்றன, மூட்டு வலி, பாதம் மரத்துப்போகிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், முடக்குவாதமாக இருக்கலாம் என்கிறார்கள். இதற்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, பெரும்பாலும் இது ஒரே நோய்தான். கல்லீரல் நன்றாக இருந்தாலும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோய் எதிர்ப்பு அணுக்களை வருடக்கணக்கில் சீண்டிக்கொண்டே இருக்கும். அதனால் கிரயோகுளோபுலின் என்ற, குளிர்ந்தால் திரளும் புரதங்கள் ரத்தத்தில் சேர்ந்து, சின்ன ரத்தக்குழாய்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தோலில் படிந்தால் புள்ளி, நரம்புக்குப் போகும் குழாயில் படிந்தால் மரத்துப்போதல். விரலால் அழுத்திப் பாருங்கள், நிறம் மறையாமல் தடிப்பாகத் தட்டுப்பட்டு, ஆறிய பிறகு பழுப்புத் தழும்பு விட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஆர்.ஏ. ஃபேக்டர் இந்த நிலையில் சாதாரணமாகவே பாசிட்டிவ் வரும், அதை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முடிவு கட்டக்கூடாது. முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எழுதிக்கொடுத்தால், ஹெபடைடிஸ் சி இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.

எனக்கு அதிகம் கவலை தருவது, இதே புரதங்கள் படியக்கூடிய சிறுநீரகம். அது வலிக்காது, முதலில் சிறுநீரில் நுரையும் கால் வீக்கமும் ரத்த அழுத்தமும்தான் தெரியும். அதனால் யூரின் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். கூடவே சி4 (இந்த நோயில் குறையும் ஒரு ரத்தப் புரதம்) அளவு, கிரயோகுளோபுலின், சர்க்கரை (இந்த வைரஸ் உள்ளவர்களுக்கு டைப் 2 நீரிழிவு வாய்ப்பு அதிகம்). கிரயோகுளோபுலின் ரத்த சாம்பிளை, அதிலிருந்து சீரம் (தெளிந்த நீர்) பிரிக்கும்வரை 37 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், ஆறிவிட்டால் இல்லாத மாதிரி ரிசல்ட் வந்துவிடும், லேபில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சிகிச்சை? வைரஸை ஒழிப்பதுதான் முதல் வேலை. ஆர்.என்.ஏ. பரிசோதனையில் (ரத்தத்தில் வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது) வைரஸ் இருந்தால், கல்லீரல் கெடும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம், 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம், இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிடுபவரானால் அதையும் சொல்லிவிடுங்கள். புள்ளிகள் பலருக்குச் சீக்கிரமே அடங்கிவிடும். மரத்துப்போவது மாதக்கணக்கில் இழுக்கலாம், சிலருக்கு முழுதாகப் போகாது. சிறுநீரகமோ நரம்போ கடுமையாகப் பாதித்திருந்தால் மட்டும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் மருந்துகள் தேவைப்படலாம்.