டைமிங் பெல்ட்டோடு எவையெல்லாம் மாற வேண்டும்?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 2015ஆம் ஆண்டு டஸ்டர் டீசல் வண்டி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். இப்போது 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான பில் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு இடங்களில் எஸ்டிமேட் கேட்டேன். ஜே.சி. ரோடு பக்கத்தில் உள்ள மெக்கானிக், பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொரு பட்டறையில் வாட்டர் பம்ப், கூலண்ட், கேம் சீல், கிராங்க் சீல், ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி போல்ட், தெர்மோஸ்டாட், எஞ்சின் மவுண்டிங், குளோ பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் என்று ஒரு பக்கம் நிறைய எழுதித் தந்திருக்கிறார்கள். தொகை முதலாவதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அன்றாடம் அலுவலகம் போகவும், மாதம் ஒருமுறை சேலத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்து வரவும் இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறேன். இவற்றில் எது தேவை, எது தேவையில்லை?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டு செல்லும் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே கொள்ளுங்கள். உங்கள் வண்டி பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ரப்பர், ஓடினாலும் நின்றாலும் எஞ்சின் சூட்டில் வயதாகிக்கொண்டே இருக்கும் பொருள். அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் கொள்ளச் சொல்கின்றன. இதில் பெங்களூருக்கென்று தனிக் கணக்கும் ஒன்று உண்டு. மணிக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டிக்கு 82,000 கிலோமீட்டர் என்பது 1,400 மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். சில்க் போர்டிலும் கே.ஆர். புரத்திலும் நின்று நின்று, சராசரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டிக்கு அதே தூரம் 4,100 மணி நேரம். சிக்னலில் 800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) நிற்கும் எஞ்சினில், ஒரு மணி நேரத்தில் கிராங்க் 48,000 முறை சுழல்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட நகராத வண்டியில் பெல்ட் அத்தனை சுற்றும் உழைக்கிறது. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். முடியுமானால் அடுத்த சேலம் பயணத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இதில் எதை ஏற்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன். இந்த உதிரிபாகம் கெட்டால் புதிய பெல்ட்டையும் சேர்த்துக் கெடுக்குமா? பிறகு ஒருநாள் இதை மட்டும் மாற்ற நேர்ந்தால், இப்போது கொடுக்கும் அதே கூலியை முழுவதுமாக மறுபடி கொடுக்க வேண்டுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், அது இன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே சரி. இரண்டுக்கும் 'இல்லை' என்றால், கெட்டுப்போன அடையாளம் கண்ணில் படாதவரை அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

டென்ஷனரைப் பற்றி இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதால் அதை விரைவாகக் கடந்துவிடலாம். பெல்ட்டை ஒரே இறுக்கத்தில் பிடித்து வைக்கும் உருளை அது. அதன் பேரிங்கில் அடைத்து வைத்திருக்கும் கிரீஸுக்கு மறுநிரப்பல் கிடையாது. வேறு பல எஞ்சின்களில் இதனுடன், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் உருளைகள் ஒன்றோ இரண்டோ இருக்கும்; அங்கே அவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் ஜே.சி. ரோடு மெக்கானிக்கின் ஆலோசனையை நான் ஏற்கவில்லை. உங்கள் எஞ்சினில் கிராங்கிலிருந்து புறப்படும் டைமிங் பெல்ட், கேம் ஷாஃப்ட்டை மட்டுமல்லாமல் உயர் அழுத்த டீசல் பம்ப்பையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே சுற்றுகிறது. ஆகவே வாட்டர் பம்ப்பின் பேரிங் இறுகிப்போனால் பெல்ட்டின் பற்கள் உரிந்துவிடும். அதன் சீல் கசிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பெல்ட்டின் மேலேயே வடியும். பெல்ட் அறுந்தாலும் பற்கள் உரிந்தாலும் விளைவு ஒன்றுதான்: கேம் நின்றுபோகும், கிராங்க் சுழன்றுகொண்டிருக்கும், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுவதை நினைத்துப் பார்த்தால், அந்த மோதலைத் தவிர்க்க ஓட்டுநருக்கு அவகாசமே இல்லை என்பது விளங்கும். அதன்பின் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வேலை பார்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும் இரண்டாவது எஸ்டிமேட்கூடச் சிறிதாகத் தோன்றும்.

இதை நான் பட்டறிவாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியில் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றியபோது, பம்ப் உலர்ந்து சுத்தமாக இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பதினான்கு மாதம் கழித்து, கிருஷ்ணகிரியைத் தாண்டித் தொப்பூர் நோக்கிப் போகையில் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்ததால் பெரிய சேதம் இல்லை. ஆனால் கசிந்த கூலண்டில் நனைந்த புதிய பெல்ட்டையும், பம்ப்பையும், முழுக் கூலியையும் சேர்த்து இரண்டாம் முறை செலவழித்தேன். பழைய பம்ப் உலர்ந்திருப்பது நேற்றுவரை அது கசியவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. அடுத்த பெல்ட் மாற்றும் நாள்வரை அது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பம்ப் மாறும்போது கூலண்டை எப்படியும் இறக்கியாக வேண்டுமாதலால், புதிய கூலண்டும் இந்தக் கணக்கில் தானாகவே சேர்ந்துவிடுகிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் குறித்த வகையையே கேட்டு வாங்குங்கள். நிறம் ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு வகையைக் கலக்க விடாதீர்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டரிலும் பம்ப்பிலும் படியும். நிரப்பியபின் காற்றடைப்பு நீங்கும்படி முறையாகக் காற்றை வெளியேற்றினார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பலரும் அவசியமற்ற சேர்க்கை என்று நினைக்கிறார்கள். அது வெளியில் இருப்பது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதற்குக் காரணம். உங்களுடையதைப் போன்ற எஞ்சின்களில் அது டைமிங் கவருக்குச் சற்று வெளியே, கிராங்க் புல்லியின் மேல் ஓடுகிறது. ஓரம் பிய்ந்து நார்நாராகும்போது, அந்த நார் புல்லிக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, டைமிங் பெல்ட்டுக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். மலிவான ஒரு பெல்ட் விலை உயர்ந்த ஓர் எஞ்சினை இப்படித்தான் சாய்க்கிறது. டைமிங் பெல்ட்டை எடுப்பதற்கு இதை எப்படியும் கழற்றியே ஆக வேண்டும். பழையதைத் திரும்ப மாட்டாமல், அதன் டென்ஷனர் உருளையோடு சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கிராங்க் புல்லி போல்ட்டின் பெயரைப் பார்த்து நீங்கள் ஐயுற்றிருக்கலாம். குறிப்பிட்ட டார்க்கில் (திருகு விசையில்) இறுக்கியபின் மேலும் இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று வரையறுக்கப்பட்ட போல்ட்டுகள், இறுகும்போதே சற்று நீளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருமுறை நீண்டதை மறுபடி இறுக்கினால் அதே பிடிமானம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சின்னத் தொகைதான், கொடுத்துவிடுங்கள்.

கேம், கிராங்க் முனைகளில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல்களைப் பொறுத்தவரை அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடையிலேயே இரண்டு கட்சிகள் உண்டு. ஒழுகாத சீலைத் தொடாதே என்பது ஒரு கட்சி. பெல்ட் கழன்றிருக்கும்போதே மாற்றிவிடு என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பழைய சீலைத் திருப்புளியால் நெம்பி எடுக்கும்போது ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழுந்தாலும், புதிய சீல் முதல் நாளே கசியத் தொடங்கும். டெஃப்ளான் உதடு கொண்ட புதுவகை சீல்களுக்கு எண்ணெய் தடவாமல், அவற்றுக்குரிய கருவியால் உலர்வாகவே பொருத்த வேண்டும். பழைய பழக்கத்தில் எண்ணெய் பூசிப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஆனாலும் பத்து ஆண்டு எஞ்சின் சூட்டில் இறுகிய சீல் அடுத்த சில ஆண்டுகளில் கசியாது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எண்ணெய் பட்ட பெல்ட் ஊதி, பற்களின் ஒட்டுதல் விட்டுப்போகும். ஆகவே உங்கள் வண்டிக்கு என் பரிந்துரை இது: கவரைத் திறந்தவுடன் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேம் முனையிலோ கிராங்க் முனையிலோ எண்ணெய் ஈரம் கொஞ்சம் தென்பட்டாலும் இரண்டு சீல்களையும் மாற்றுங்கள். ஈரமே இல்லாவிட்டாலும், பொருத்தும் கருவி பட்டறையில் இருக்கிறது என்று அவர்கள் காட்டினால் மாற்றிவிடலாம். ஈரமும் இல்லை, கருவியும் இல்லை என்றால் உலர்ந்த சீலை அப்படியே இருக்க விடுங்கள்.

சூட்டுக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது. அது கெட்டால் பெல்ட் நேரடியாகப் பாதிக்கப்படாது; ஆனால் கூலண்ட் இறங்கியிருக்கும் நேரத்தில் அதை மாற்றும் வேலை எளிது. வண்டி சூடேற வழக்கத்தைவிட நேரமானாலோ, நெடுஞ்சாலையில் முள் கீழே இறங்கினாலோ மாற்றுங்கள். இல்லையென்றால் தேவையில்லை. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ஒன்றை இந்த வேலைக்காக எப்படியும் கழற்றுவார்கள். அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். வெடிப்பு இல்லாமல், நின்றிருக்கும்போது ஸ்டியரிங்கில் அதிர்வும் இல்லாமல் இருந்தால் பழையதையே மாட்டலாம்.

மீதமுள்ள மூன்றையும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். குளோ பிளக்குகளுக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் தொடர்பே இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆவதில் தொல்லை இருந்தால் அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். இன்ஜெக்டர் கிளீனிங்கும் எஞ்சின் ஃப்ளஷும்கூட அப்படித்தான். குறை ஒன்றும் சொல்லாத வாடிக்கையாளரின் பட்டியலில் அவை ஏன் வந்தன என்று அந்தப் பட்டறையில் நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எந்தப் பட்டறை என்பதைத் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிராங்க்கையும் கேமையும் பூட்டி நிறுத்தும் பின்கள் அவர்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். பழைய பெல்ட்டின் மேல் பெயின்ட்டால் குறி வைத்து மாற்றுவது உங்கள் எஞ்சினுக்குப் போதாது. புதிய பெல்ட்டைப் போட்டு இறுக்கியபின், சாவியைத் திருப்புவதற்கு முன் கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பின்கள் மறுபடி சரியாக உட்காருகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதால்தான் அந்த இரண்டு. உதிரிபாகங்களை நீங்களே ஜே.சி. ரோட்டில் வாங்குவதாக இருந்தால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் கிட்டாகக் கேளுங்கள். கேட்ஸ், காண்டிடெக், டேகோ, எஸ்.கே.எஃப்., ஐ.என்.ஏ. போன்ற தயாரிப்பாளர்களின் பொருளைப் பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். பெட்டி பிரிந்திருந்தாலோ பெல்ட் மடித்துக் கட்டப்பட்டிருந்தாலோ வாங்க வேண்டாம். கூர்மையாக மடித்த பெல்ட்டின் உள்ளே கண்ணாடி இழைகள் முறிந்திருக்கக்கூடும், வெளியே பார்த்தால் அது தெரியாது. பழைய பாகங்கள் அனைத்தையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிய ஒரு ஸ்டிக்கரை எஞ்சின் கவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் இன்னோவா 2.5 டீசலின் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' விளக்கு எரிகிறது. பெல்ட் அறுகிற நிலைக்கு வந்துவிட்டதா? இதிலும் வாட்டர் பம்ப்பை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

பதில்: அந்த விளக்கு பெல்ட்டைப் பரிசோதித்து எரிவதில்லை. நிறுவனம் குறித்த தூரம் முடிந்துவிட்டது என்பதை மட்டும் எண்ணிச் சொல்கிறது. எனவே பதற வேண்டாம். ஆனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. உங்கள் எஞ்சினில் வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட்டால் ஓடுவதில்லை. வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட்டால் ஓடுகிறது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் இங்கே 'இல்லை' என்பதே விடை. கசிவோ சத்தமோ இல்லாதவரை பம்ப்பைத் தொட வேண்டாம். பெல்ட், ஐட்லர் உருளை, ஹைட்ராலிக் டென்ஷனர் மூன்றையும் மாற்றுங்கள். கேம் சீலில் ஈரம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் விளக்கை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். விளக்கை மட்டும் ரீசெட் செய்துவிட்டுப் பழைய பெல்ட்டோடு விற்கப்பட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தச் செலவு வருமா?
– வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: வராது. உங்கள் 1.3 லிட்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கிறது. அதற்குக் குறித்த கெடு கிடையாது. ஆனால் செயின் எஞ்சின் எண்ணெயில்தான் ஓடுகிறது, அதன் டென்ஷனரும் எண்ணெய் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டால் செயின் தேய்ந்து நீளும். குளிர்ந்த எஞ்சினை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல் சத்தம் கேட்டால் உடனே காட்டுங்கள். மாற்றும் நிலை வந்தால், செயினோடு அதன் கைடுகளையும் டென்ஷனரையும் முன்பக்கக் கிராங்க் சீலையும் சேர்த்து மாற்றி, எண்ணெயும் ஃபில்ட்டரும் புதிதாகப் போடுங்கள்.