வீட்டு சிசிடிவி டிவிஆரில் பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு, மென்பொருளையும் நாமே புதுப்பிக்கலாமா?

மன்னார்குடிக்கு அருகே பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் நான்கு கேமராக்களும் 1 டெராபைட் டிஸ்க் உள்ள டிவிஆரும் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) இருப்பதாகவும், பதிவு பத்து நாளுக்கு மேல் நிற்பதில்லை என்றும், அண்மையில் பெட்டி விட்டுவிட்டுப் பீப் ஒலி எழுப்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது 4 டெராபைட் டிஸ்க்கும் புதிய ஃபர்ம்வேரும் (பெட்டியை இயக்கும் உள்மென்பொருள்) ஒரே மூச்சில் போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டையும் நீங்களே செய்யலாம். ஆனால் ஒரே நாளில் செய்யாதீர்கள். டிஸ்க்கை முதலில் மாற்றி, அது சில நாட்கள் ஒழுங்காகப் பதிவதைப் பார்த்த பிறகே ஃபர்ம்வேரில் கை வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டுப் பெட்டி தானாக அணைந்து எழத் தொடங்கினால், கோளாறு டிஸ்க்கிலா, அடாப்டரிலா, மென்பொருளிலா என்று பிரித்தறிய வழியிருக்காது. அதற்குள் உங்கள் விடுமுறையும் முடிந்துவிடும்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும், திருவாரூர், வேதாரண்யம் பக்கம் உள்ள உறவினர் வீடுகளிலும் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதால், நம் பகுதிக்கென்று உள்ள சில விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பீப் ஒலி. அது டிஸ்க் கெட்டதற்கான அறிவிப்பாக இருக்கலாம். கேமரா ஒன்றின் இணைப்பு அறுந்தாலும், நெட் கேபிள் கழன்றாலும் அதே ஒலிதான் வரும். மெனுவில் டிஸ்க் பகுதிக்குப் போய் நிலையைப் பாருங்கள். பெரும்பாலான டிவிஆர்களில் ‘ஸ்மார்ட்’ என்ற சோதனைப் பட்டியல் இருக்கும். அதில் 05 என்ற எண்ணுக்கு நேரே கெட்டதால் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கையும், சி5 என்ற எண்ணுக்கு நேரே படிக்கமுடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கையும் இருக்கும். இவை சுழியமாக இல்லாமல், பார்க்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். ஒலி எரிச்சலூட்டுகிறது என்று அதை மெனுவில் அணைத்துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பதிவு நின்றுபோனதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரிவிக்கக்கூடிய ஒரே வழி அதுதான், தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட் ஆகும். உங்கள் நான்கு கேமராக்களும் தலா 2 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 86.4 ஜிகாபைட், 1 டெராபைட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நீங்கள் சொல்லும் பத்து நாள் இதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆகவே குறைந்த நாட்கள் நிற்பது மட்டுமே உங்கள் குறை என்றால், காசு செலவழிக்கும் முன் பதிவு அமைப்பில் படத்தைச் சுருக்கும் முறை எச்.264 என்று இருப்பதை, இன்னும் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 ஆக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். அனலாக் கேமராக்களின் படத்தைச் சுருக்குவது டிவிஆர்தான் என்பதால், கேமராவை மாற்றாமலே இதைச் செய்யலாம். மாற்றியபின் பிட்ரேட் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற) அளவையும் குறைத்து வைக்கவேண்டும். பாதியளவுக்குக் குறைத்தாலும் படத்தின் தெளிவு பெரும்பாலும் கெடாது, நாட்கள் இரட்டிப்பாகும். அசைவு இருந்தால் மட்டும் பதியும் முறையை நான் நம் ஊர்களில் பரிந்துரைப்பதில்லை. தென்னை மட்டை ஆடினாலும், வயல் பக்கத்துப் பூச்சிகள் இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளிக்கு மொய்த்தாலும் அது பதிந்துகொண்டே இருக்கும். உண்மையில் தேவைப்படும் நொடி விட்டுப்போவதும் உண்டு. கேமரா முன் சிலந்தி வலை பின்னியிருந்தால் இரவுப் பதிவின் அளவு கூடும் என்பதால், ஒட்டடைக் குச்சியால் ஒருமுறை தட்டிவிடுவதும் இடத்தை மிச்சப்படுத்தும் வழியே.

டிஸ்க் வாங்கத்தான் வேண்டும் என்றால், கண்காணிப்புப் பதிவுக்கென்றே தயாரிக்கப்படுபவற்றை வாங்குங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஆகியவை நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. சாதாரணக் கணினி டிஸ்க்குக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு வெறும் விளம்பரம் அன்று. சீகேட்டின் மேசைக் கணினி வகையான பாரகுடா, ஆண்டுக்கு 2,400 மணி நேரம் ஓடுவதற்கென்று கணக்கிடப்பட்டது; அதாவது நாளுக்கு ஆறரை மணி நேரம். டிவிஆரில் உள்ள டிஸ்க் ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடுகிறது. எழுதப்படும் அளவை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 31 டெராபைட்தான் வரும். அதைச் சாதாரண டிஸ்க்கும் தாங்கும். தாங்காதது ஓய்வில்லாத ஓட்டத்தையும், நம் சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் ஏறும் சூட்டையும்தான். பழைய லேப்டாப்பில் கழற்றிய டிஸ்க்கைப் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். வாங்கிய டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டியதும் அதே ஸ்மார்ட் பட்டியலில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியது என்று தரப்பட்டதில் ஆயிரக்கணக்கில் எண் காட்டினால், அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

4 டெராபைட் வாங்குமுன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டியின் கையேட்டில், அதிகபட்சமாக எத்தனை டெராபைட் ஏற்கும் என்று போட்டிருக்கும். பழைய பெட்டிகள் சில 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைக் கண்டுகொள்வதில்லை. மற்றது அடாப்டர். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டியோடு வந்தது 1.5 ஆம்பியர் அடாப்டராக இருந்தாலோ, பல ஆண்டு ஓடித் தளர்ந்திருந்தாலோ, டிஸ்க் ‘டிக்’ என்று ஒலித்து நின்று மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். புது டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல அடாப்டர்தான். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கேடில்லை. வோல்ட் மட்டும் மாறக்கூடாது.

பழைய டிஸ்க்கில் உள்ள பதிவுகளைப் புதியதற்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான டிவிஆர்கள் தமக்கென்ற தனி முறையில் எழுதுவதால், டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் போட்டால் காலியாகவே காட்டும். ஃபார்மேட் செய்யட்டுமா என்றும் கேட்கும். அதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேண்டிய பகுதிகளைக் கழற்றுவதற்கு முன்பே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பழைய டிஸ்க்கைத் தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். அதே பெட்டியில் திரும்ப மாட்டினால் பதிவுகள் ஓடும். திருட்டு, விபத்து, வரப்புத் தகராறு என்று வழக்கு ஏதேனும் நிலுவையில் இருந்தால் இது மிக முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது ஹாஷ் மதிப்பைக் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட்ட சான்றிதழும் தேவைப்படுவதால், மூலப் பதிவு உள்ள டிஸ்க் கைவசம் இருப்பது நல்லது.

மாட்டும் வேலை எளிது. மெனு வழியாக அணைத்து, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறந்தால், மின்விசிறியின் இறக்கைகளில் அறுவடைக் காலத்துத் தூசு சாம்பல் நிறத்தில் படலமாக ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். போர்டின் ஓரத்தில், சூடு படும் இடமாகப் பார்த்துப் பல்லி முட்டையிட்டிருப்பதும் உண்டு. காய்ந்த பெயின்ட் பிரஷால் துடைத்தெடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில், டிஸ்க்கைக் கீழிருந்து பிடிக்கும் நான்கு திருகுகளும் துருப்பிடித்து இறுகியிருக்கும். தலை தேயாதபடி சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தித் திருப்பவேண்டும். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனை தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், விலை சொற்பம்.

பெட்டியை இயக்கியதும் புது டிஸ்க்கை டிவிஆரின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்து, நிரம்பியதும் பழையதன்மேல் எழுதும் அமைப்பை இயக்கி, கடிகாரத்தைச் சரிபாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படி நீண்ட நேரம் அணைந்திருக்கும் பெட்டியில் நேரத்தைக் காப்பது போர்டில் உள்ள சின்ன பேட்டரிதான். பல பெட்டிகளில் அது சிஆர் 2032 வகை. அது தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். பதிவு இருந்தும் தேடினால் அகப்படாது. மூடியைத் திறந்திருக்கும்போதே அதையும் மாற்றிவிட்டு, நெட் வழியாக நேரம் சரிசெய்யும் வசதியில் இந்திய நேரமான 5:30-ஐத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் காலையில், நான்கு கேமராக்களின் நள்ளிரவுப் பதிவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையில் நேரலை தெரிவது பதிவு நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இனி ஃபர்ம்வேர். இதைப் புதுப்பிப்பதற்கு வலுவான காரணம் பாதுகாப்புதான். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் பெருமளவில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையச் சேவைகளை முடக்கியது. உங்கள் பெட்டியும் வெளியூரிலிருந்து போனில் பார்ப்பதற்காக இணையத்தில் இருக்கிறது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும், மெனுவில் காட்டும் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அதே மாடலுக்கான கோப்பை மட்டும் எடுங்கள். ஒரே தோற்றமுள்ள பெட்டிக்குள் வெவ்வேறு போர்டுகள் இருப்பதால், ‘இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று யாராவது அனுப்பும் கோப்பு பெட்டியையே செயலிழக்கச் செய்துவிடும். அமைப்புகளைப் பென்டிரைவில் சேமித்துக்கொண்டு, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த இன்னொரு பென்டிரைவில் கோப்பை வைத்து ஏற்றுங்கள்.

ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இதைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நிறுத்தம் என்றைக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் நார்மல், யுபிஎஸ் என்று இரு நிலைகள் இருந்தால் யுபிஎஸ் நிலையில் வையுங்கள். நார்மலில் மின்சாரம் மாறும் இடைவெளி சற்றுக் கூடுதல் என்பதால் சில டிவிஆர்கள் அணைந்து எழும். முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றி, ரவுட்டரில் டிவிஆருக்கென்று திறந்து வைத்த போர்ட் (வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே வரும் வாசல்) ஏதும் இருந்தால் மூடிவிடுங்கள். தயாரிப்பாளரின் செயலி வழியாகப் பார்ப்பதற்கு அது தேவையில்லை.

உங்கள் மாடலுக்குப் புதிய ஃபர்ம்வேர் வெளிவருவதே நின்றுவிட்டது என்றால், வேறெதையும் ஏற்ற முயலாமல், நெட் கேபிளைக் கழற்றிவிட்டுப் பதிவுக்கு மட்டும் அந்தப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். போனில் பார்ப்பது அவசியம் எனில் டிவிஆரையே மாற்றுங்கள். இப்போது வாங்கும் 4 டெராபைட் டிஸ்க்கைக் கழற்றிப் புதிய பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். அங்கே மீண்டும் ஃபார்மேட் செய்யவேண்டியிருக்கும் என்பதால் வேண்டிய பதிவுகளை முன்னதாக எடுத்துவையுங்கள்.