சார்லஸ் கொரியாவை எங்கே போய்ப் பார்ப்பது? கேள்வி பதில்

கேள்வி: சார், பெயர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். யார் இவர்?

1930-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். பம்பாய் செயின்ட் சேவியர்ஸில் படித்துவிட்டு அமெரிக்கா போய், மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் கட்டடக்கலை முடித்தார். 1958-இல் பம்பாயில் சொந்த அலுவலகம் போட்டார். கட்டடம், நகரத் திட்டம் இரண்டிலும் கடைசி வரை இருந்தார். 2015-இல் காலமானார். பத்ம விபூஷண், லண்டனில் உள்ள கட்டடக் கலைஞர் சங்கமான ரீபாவின் தங்கப் பதக்கம் எல்லாம் உண்டு. அதை விடுங்கள், வேலையைப் பார்ப்போம்.

கேள்வி: சபர்மதி ஆசிரமத்தில் அவர் கட்டிய காந்தி அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். ஏதோ ஓட்டு வீடு மாதிரிதான் இருந்தது. அதில் என்ன விசேஷம்?

ஓட்டு வீடு மாதிரி இருப்பதுதான் விசேஷம். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரங்கள், செங்கல் தூண், மேலே ஓடு. சில சதுரங்களுக்குச் சுவர் உண்டு, சில திறந்தே கிடக்கும், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சன்னலில் கண்ணாடியே கிடையாது, மரச்சட்டங்கள்தான். அடுத்த முறை போனால் உத்திரத்தை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கான்கிரீட் உத்திரம் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். இரண்டு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில் விழுந்து ஓடிவிடும். பாரம் தாங்குவதும் அதுவே, மழைநீர் கடத்துவதும் அதுவே. இந்த வேலை கைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1963-இல் நேரு திறந்துவைத்தார்.

கேள்வி: ஏழைகளுக்கு வீடு என்று பேசியவர், மும்பை கம்பாலா ஹில்லில் பணக்காரர்களுக்கு 28 மாடி கட்டினாரே?

கட்டினார். காஞ்சன்ஜங்கா, மொத்தமே 32 வீடுகள். நியாயமான குத்தல்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மும்பையில் கடற்காற்று மேற்கிலிருந்து வரும், சாயங்கால வெயிலும் மழைச்சாரலும் அதே மேற்கிலிருந்துதான். பழைய பங்களாக்கள் சுற்றிலும் வராந்தா வைத்து இதைச் சமாளித்தன. கொரியா அந்த வராந்தாவை இரண்டு மாடி உயரத்தில் கட்டடத்தின் மூலைகளில் குடைந்து வைத்தார். இன்றைக்குச் சுற்றிலும் கண்ணாடி ஒட்டி, உள்ளே ஏசியைப் போட்டுவிட்டு 'பசுமைக் கட்டடம்' என்று பலகை மாட்டுகிறவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: நவி மும்பை என்கிற புது நகரம் இவர் திட்டம்தானா? தோல்வி என்கிறார்களே?

இவர் மட்டும் போட்டதில்லை. ஆர்க்கிடெக்ட் பிரவீணா மேத்தா, சிவில் இன்ஜினீயர் சிரீஷ் படேல், கொரியா என்று மூவர். பம்பாய் நாக்கு மாதிரி தெற்கே நீண்ட ஊர். ஆபீஸெல்லாம் தெற்கு நுனியில், வீடெல்லாம் வடக்கே. காலையில் ரயில் தெற்கே பிதுங்கும், மாலையில் வடக்கே பிதுங்கும். மாநகராட்சி 1964-இல் வெளியிட்ட வளர்ச்சித் திட்டத்தில் இதற்கு மருந்து இல்லை. மூவரும் சொன்னது இதுதான்: கடல் கழிக்கு அந்தப் பக்கம், கிழக்கே போங்கள், வீட்டோடு வேலையையும் கொண்டுபோங்கள். 1965-இல் மார்க் என்ற கலை இதழில் இது வெளியானது. 1970-இல் மகாராஷ்டிர அரசு ஒப்புக்கொண்டு, புது நகரத்தைக் கட்ட சிட்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது, கொரியா அதன் தலைமை ஆர்க்கிடெக்ட் ஆனார். அரசு நிலத்தை வாங்கும், ரோடும் தண்ணீரும் போடும், விலை ஏறியதும் மனையாக விற்கும், அந்தக் காசிலேயே ஊர் வளரும் என்பது கணக்கு.

கணக்கு சரி. ஆனால் அரசு ஆபீஸ்கள் முதலில் அங்கே போக வேண்டும், பின்னாலேயே கம்பெனிகள் வரும் என்பதுதான் அச்சாணி. தலைமைச் செயலகம் நகரவே இல்லை. இந்தப் பக்கம் நரிமன் பாயின்டில் கடலைத் தூர்த்த நிலத்தில் ஆபீஸ் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நவி மும்பையின் வாஷிக்குப் பாலம் 1973-இல் வந்துவிட்டது, மின்சார ரயில் வந்ததோ 1992-இல். அத்தனை வருஷம் ரயில் இல்லாத ஊருக்கு யார் குடிபோவார்கள்?

இருந்தும் 2011 கணக்கெடுப்பில் நவி மும்பை மாநகராட்சியில் 11 லட்சம் பேர். தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், பாதித் திட்டம்தான் நடந்தது. என் மனத்தாங்கல் வேறு: நிலம் கொடுத்த விவசாயிகள். அவர்கள் 1984-இல் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த பிறகுதான், எடுத்த நிலத்துக்கு 12.5 சதவீதம் மனை திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. கொரியா அதற்குள் சிட்கோவை விட்டுப் போயிருந்தார் என்பது உண்மை. ஆனாலும் திட்டம் போடும்போதே யோசித்திருக்க வேண்டியது அது.

கேள்வி: அண்ணா, நவி மும்பை பேலாபூரில் கொரியா கட்டிய வீடுகளை எங்கள் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். இப்போது போனால் பழைய வீடே இல்லையாமே?

நிறைய இல்லை, தம்பி. அதனால் பாடம் பொய்யாகிவிடாது. ஏழு வீடு சேர்ந்து ஒரு சின்ன முற்றம், அப்படி மூன்று கொத்து சேர்ந்து பெரிய முற்றம். மனை 45-லிருந்து 75 சதுர மீட்டர்தான். ஒரு வீட்டின் சுவர் இன்னொரு வீட்டுக்குப் பொதுச்சுவராக வராது. ஏன் என்றால், மகனுக்குக் கல்யாணம், ஒரு அறை வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் கட்டிக்கொள்ளலாம். கொத்தனார் போதும். ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள், கொஞ்சம் தாராளமாகவே. ஓட்டுக்கூரை போய் இரண்டு மாடி, மூன்று மாடி கான்கிரீட் வந்துவிட்டது. முற்றங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படம் எடுக்கிறவர்கள் வீட்டை எடுக்கிறார்கள், முற்றத்தை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மும்பை மில் நிலம் விஷயத்தில் இவர் பேச்சை அரசு கேட்டதா?

இல்லை. மூடிய ஆலை நிலத்தை மூன்று பங்காக்கி, திறந்தவெளிக்கு ஒன்று, மலிவு வீட்டுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று என்பது 1991 விதி. 1996-இல் கொரியா தலைமையில் குழு போட்டு ஆய்வும் நடந்தது. 2001-இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு பிரித்தால் போதும் என்றாக்கினார்கள். ஊருக்குக் கிடைத்தது சொற்பம். பரேல் பக்கம் போனால் மால்களைப் பார்க்கலாம்.

கேள்வி: ஐயா, மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். கட்டடமும் வேண்டும், நகரத் திட்டமும் வேண்டும் என்கிறாள்.

முதலில் பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டம், ஐந்து வருஷம். அதற்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுத வேண்டும். முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு வருஷம் எம்.பிளான், அதாவது நகரத் திட்டத்தில் மேற்படிப்பு. நேராக பி.பிளான் படிக்கவும் வழி உண்டு, ஆனால் அதை வைத்து ஆர்க்கிடெக்டாகப் பதிய முடியாது. சம்பளம் ஆரம்பத்தில் கம்மி, அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் அவர் கட்டியது ஏதாவது உண்டா?

எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகம். தனியார் கட்டடம், உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். செலவு செய்யத் தயார் என்றால் அவர் கட்டிய கலை மையமான ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவுக்குப் போங்கள், மழைக்காலம் தவிர்த்து.