ஆண்டிராய்டு 16 வந்துவிட்டது, போனை மாற்றலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் கைப்பேசி பழுதுபார்ப்பது என் தொழில். சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்குத் திறன்பேசி பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறேன். கேள்வி அனுப்புங்கள் என்றதும் குவிந்துவிட்டன. முக்கியமானவற்றுக்கு நிறைய எழுதியிருக்கிறேன், மற்றவற்றுக்கு ஒரு வரிதான்.

செங்காங் வாசகர்: என் போன் ஆண்டிராய்டு 13உடன் நின்றுவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது. கடையில் ஆண்டிராய்டு 16 உள்ள போனைக் காட்டி, "இதுதான் லேட்டஸ்ட், பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மாற்றட்டுமா?

அந்த எண்ணை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். 2025 ஜூனில் ஆண்டிராய்டு 16 வந்தது என்பதால் உங்கள் 13 அன்றே செத்துப்போய்விடவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறொரு வரி. சாம்சங் போன் என்றால் அமைப்புகளுக்குள் போய், கடைசியில் இருக்கும் "போனைப் பற்றி" என்பதைத் தொட்டு, அதில் மென்பொருள் விவரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டிராய்டு எண்ணுக்குச் சற்றுக் கீழே "பாதுகாப்புத் திருத்த நிலை" என்று ஒரு தேதி இருக்கும். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் எந்தத் தேதிவரை அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்தத் தேதி சொல்கிறது. அது கடந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் இருந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதுப்பிப்பு தேடினாலும் ஒன்றும் வரவில்லை என்றால், அப்போது புதுப் போன் பார்க்கத் தொடங்கலாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "இந்த மாடலுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும்?" பிக்சல் 8 வந்த 2023 அக்டோபரில் கூகல் ஏழு ஆண்டு என்று உறுதி சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. விலை குறைந்த கேலக்சி ஏ16க்கே ஆறு ஆண்டு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு ஆண்டுக்கு முன் வந்த மாடலைச் சலுகை விலையில் தள்ளிவிடுகிறார்கள் என்றால், அந்த இரண்டு ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 900 வெள்ளிப் போனுக்கு ஆறு ஆண்டு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 150 வெள்ளி. 400 வெள்ளிப் போனுக்கு இரண்டே ஆண்டு என்றால் 200 வெள்ளி. எது மலிவு என்று உங்களுக்கே தெரியும்.

ஈசூன் வாசகி: ஐபோன் எக்ஸ்ஆர் வைத்திருக்கிறேன். ஐஓஎஸ் 26 வரவில்லை. இனி இது குப்பையா?

இல்லை, சகோதரி. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 ஐபோன் 11 முதல்தான் ஏறும். உங்களுடையது ஐஓஎஸ் 18உடன் நிற்கிறது. இடையில் ஏழு பதிப்புகளைத் தவறவிட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். ஆண்டைக் குறிக்கும்படி எண்ணை மாற்றிக்கொண்டார்கள், 18க்கு அடுத்ததே 26தான். பழைய பதிப்புக்கும் ஆப்பிள் சில காலம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவது வழக்கம். வந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். 2018இல் வந்த போன், நன்றாகவே உழைத்துவிட்டது. மாற்றுவதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து: அண்ணா, எக்ஸ்போர்ட் செட் வாங்கினால் நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம் என்கிறார்கள். ஆண்டிராய்டும் புதியதுதான். ஊருக்கும் கொண்டு போகலாம். வாங்கலாமா?

தம்பி, வாங்குவதற்கு முன் உங்கள் சிம் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017இலேயே நின்றுவிட்டது, 3ஜியும் 2024இல் நின்றுவிட்டது. இனிக் குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். வேறு நாட்டுக்கென்று செய்த சில போன்களில், இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அந்த வசதி திறந்திருக்காது. வாட்ஸ்அப் ஓடும், இணையம் ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. அவசரத்துக்கு 995ஐ அழைக்க முடியாத போன் எதற்கு? கடையிலேயே சிம்மைப் போட்டு யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். 4ஜி அல்லது 5ஜி அடையாளம் அப்படியே நின்று, பேச்சும் தெளிவாகக் கேட்டால் சரி.

உத்தரவாதம் கடையுடையதா நிறுவனத்துடையதா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்காது, "அதையும் கழித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னொன்று, தம்பி. வேலை, கடன், மலிவு டிக்கெட் என்று யாராவது இணைப்பு அனுப்பி ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றும் செயலியை, போடச் சொன்னால் தொடாதீர்கள். அறையில் இருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

பிடோக் வாசகர்: சீனாவிலிருந்து நண்பர் ஹுவாவெய் நிறுவனத்தின் ஹார்மனிஓஎஸ் போன் வாங்கி வரட்டுமா என்கிறார். கேமரா அருமையாம். புது இயங்குதளம் என்பதால் ஆசையாக இருக்கிறது.

கேமரா அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024இல் வந்த ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் ஆண்டிராய்டு செயலிகளை நேரடியாக ஓட்டாது. சுற்றுவழியில் ஓட்டித் தரும் செயலிகள் உண்டு, ஆனால் வங்கிச் செயலியை அவற்றை நம்பி வைக்கக் கூடாது. 2019இல் அமெரிக்கா தடை போட்ட பிறகு ஹுவாவெய் தன் சொந்தக் காலில் இவ்வளவு தூரம் வந்திருப்பதை மதிக்கிறேன். ஆயினும் ஓர் இயங்குதளம் பிழைப்பதும் மடிவதும் அதற்குச் செயலி எழுதுபவர்கள் கையில்தான் இருக்கிறது. விண்டோஸ் போன் எவ்வளவு சீராக ஓடியது! 2019 முடிவில் வாட்ஸ்அப் அதைக் கைவிட்டது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் தேதி நின்றன. இரண்டும் மோசமான போன்களாக இருந்து ஒழியவில்லை. நண்பரிடம் சொல்வதற்கு முன் உங்கள் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), வங்கி, அலுவலகச் செயலிகள் அந்தக் குறிப்பிட்ட மாடலில் ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒன்று ஏறாவிட்டாலும் அதை இரண்டாவது போனாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங் மோ கியோ வாசகி: அம்மாவுக்கு 72 வயது. ஆண்டிராய்டு 11 போன். பழகிய போனை மாற்றினால் குழம்பிவிடுவார். மோசடிச் செய்திகளைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

புது இயங்குதளம் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். 2023இல் மட்டும் ஆண்டிராய்டு போன்களில் தீங்கு மென்பொருள் ஏற்றி நடந்த மோசடிகளாக 1,899 வழக்குகள் இங்கே பதிவாயின. குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி போயிற்று. நடந்த விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபேஸ்புக்கில் மலிவான மீன், வீடு துப்புரவு என்று விளம்பரம் வரும். விசாரித்தால் "எங்கள் செயலியைப் பதிவிறக்கி ஆர்டர் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். அந்த ஏபிகே கோப்பைப் போட்டதும் "அணுகல் வசதி" அனுமதி கேட்கும். அது கண்பார்வை குறைந்தவர்களுக்காகச் செய்த வசதி. அதைக் கொடுத்துவிட்டால், திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்கள் விரல் போலவே தொடவும் அந்தச் செயலிக்கு முடியும். அதன் பிறகு வங்கிக் கணக்கைத் துடைத்து எடுக்க அதிக நேரம் ஆகாது.

2022இல் வந்த ஆண்டிராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து ஏற்றிய செயலிக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காது. "கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு" என்று சொல்லித் தடுத்துவிடும். சுற்றிப் போகும் வழி உண்டு, ஆனால் அந்தத் தடை அம்மாவுக்கு உங்களை அழைத்துக் கேட்க ஒரு நிமிடம் தருகிறது. அந்த ஒரு நிமிடம்தான் வேண்டும். 2024 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து கூகல் முதலில் சிங்கப்பூரில்தான் இன்னொரு தடையைச் சோதித்துப் பார்த்தது. இணையத்திலிருந்து இறக்கிய செயலி குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியோ அணுகல் வசதியோ கேட்கக்கூடியது என்றால், ஏறவே விடாது.

ஆகவே மாற்றுங்கள். அதே நிறுவனத்தின் போனாகப் பாருங்கள், சின்னங்கள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். வங்கியில் சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியை இயக்குங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் 2023 நவம்பரிலிருந்து அதைத் தருகின்றன. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாராலும் அசைக்க முடியாது.

புக்கிட் பாத்தோக் வாசகர்: புதுப்பிப்பு போடும் ஒவ்வொரு முறையும் போன் மெதுவாகிறது. புதுசு வாங்க வைக்க வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 2017இல் ஆப்பிள் ஒரு புதுப்பிப்பில், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பேட்டரி வயதானால் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் விழுந்து போன் அணைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் பயனாளரிடம் அதைச் சொல்லவில்லை. டிசம்பரில் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள், பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தார்கள். 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சங்குக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் போட்டது. பழைய போன்களுக்குப் பொருந்தாத பெரிய புதுப்பிப்புகளைப் போடச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2020இல் பிரான்ஸ் ஆப்பிளிடம் 25 மில்லியன் யூரோ வாங்கியது.

ஒரு நல்ல கடையில் பேட்டரி மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். புதுப்பித்த பிறகு ஓரிரு நாள் போன் சூடாகவும் மெதுவாகவும் இருப்பது இயல்பு, உள்ளே படங்களையும் செயலிகளையும் அடுக்கிக்கொண்டிருக்கும். நினைவகம் நிரம்பியிருந்தாலும் மெதுவாகும்.

தெம்பனிஸ் வாசகர்: அபராதம் போட்டதே வேண்டுமென்று செய்ததற்குச் சான்று. நீங்கள் நிறுவனங்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள்.

தேதியும் தொகையும் எழுதியவன் நான்தான், ஐயா. பிரான்சின் குற்றச்சாட்டு, சொல்லாமல் செய்தார்கள் என்பது. அதற்கு அபராதம் சரி, இன்னும் கூடுதலாகப் போட்டிருந்தாலும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் நட்டம் ஆப்பிளுக்கு இல்லை.

உட்லண்ட்ஸ் வாசகர்: நானும் தெம்பனிஸ்காரர் பக்கம்தான். மூன்று ஆண்டாகப் புதுப்பிப்பே போடவில்லை. ஒன்றும் ஆகவில்லையே!

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு நிம்மதி. ஆனால் கேளுங்கள். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிவந்தது. ஆண்டிராய்டு போனுக்கு ஒரு படச்செய்தி வந்து சேர்ந்தாலே போதும், திறக்காமலே உள்ளே நுழைய வழி இருந்தது. அதற்குப் பிறகுதான் கூகல் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 14.8 அவசரமாக வந்ததற்கும் அப்படி ஒரு ஓட்டைதான் காரணம். கவனமாக இருப்பவர் இணைப்பைத் தொடமாட்டார், சரி. தொடவே வேண்டாத தாக்குதலை எந்தக் கவனத்தால் தடுப்பீர்கள்?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை வந்த வாரத்திலேயே போடுங்கள். 15இலிருந்து 16க்குப் போவது போன்ற பெரிய மாற்றத்துக்கு ஒரு மாதம் பொறுத்திருங்கள், முதலில் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். இதுபற்றி இன்னும் பலர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் என் பதில் இதுதான்.

பொங்கோல் வாசகர்: 500 வெள்ளிக்குள் எந்தப் போன் நல்லது?
ஜூரோங் வெஸ்ட் வாசகி: 600 வெள்ளிக்குள்?
இன்னொரு பொங்கோல் வாசகர்: ஆண்டிராய்டு 15 உள்ள போன் வாங்கலாமா, 16க்குக் காத்திருக்கவா?

மூவரும் செங்காங் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். மாடல் பெயர் கேட்காதீர்கள், ஆண்டைக் கேளுங்கள். 15 உள்ள போனுக்கு 16 வரும் என்று நிறுவனம் உறுதி சொல்லியிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

தேக்கா வாசகர்: தமிழில் தட்டச்சு செய்யப் புது போன் வேண்டுமா?

வேண்டாம். ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்டிராய்டில் கூகல் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். "தமிழ் கீபோர்ட்" என்று யாராவது ஏபிகே அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

கிளமெண்டி வாசகர்: வாங்கி இரண்டு மாதத்தில் திரை கோடு கோடாக வருகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

ரசீதை எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் சட்டம் கருதும். 2012 செப்டம்பரிலிருந்து அப்படித்தான்.

பீஷான் வாசகி: புதுப் போன் வாங்கிவிட்டேன். பழையதை என்ன செய்வது?

அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். முதலில் புதுப் போனில் சிங்பாஸ் செயலியை அமையுங்கள். பிறகு பணம் அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் வங்கியின் மின்னிலக்க டோக்கனை அமையுங்கள். அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும், மோசடியைத் தடுக்க வங்கிகள் வைத்திருக்கும் காத்திருப்பு அது. அதற்குள் வாடகையோ பள்ளிக் கட்டணமோ செலுத்த வேண்டியிருந்தால் முந்தின நாளே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றி, படங்கள் வந்துவிட்டனவா என்று பாருங்கள். எல்லாம் சரியான பிறகு பழைய போனில் கூகல் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, சிம்மை எடுத்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொட்டியில் போடாதீர்கள், அழுத்தவும் செய்யாதீர்கள். பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள்.