வீட்டுச் சாமானை ஆன்லைனில் விற்றால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: என் கணவருக்குத் திருச்சியிலிருந்து புனேக்கு மாற்றல். இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். ஆறு வருட ஃபிரிட்ஜ், தேக்குக் கட்டில், என் ஸ்கூட்டர், இரண்டு பழைய செல்போன்கள் எல்லாவற்றையும் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்க நினைக்கிறோம். 28,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜை 15,000 என்று போட்டேன். மூன்று வாரமாக விசாரிக்கக்கூட ஆளில்லை. எக்ஸ்சேஞ்சில் போட்டால் 3,000 காட்டுகிறது. கட்டிலுக்கு மட்டும் ஒருவர் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம். பார்க்காமலே முழுப் பணமும் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்கிறார். நம்பலாமா? வருகிற பணத்துக்கு வரி உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த ராணுவக்காரர் விஷயம். அவருக்குப் பதிலே போடாதீர்கள், எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். சீருடை போட்டோ, அடையாள அட்டை, "டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, அதனால் நேரில் வர முடியாது" என்ற கதை எல்லாம் பல வருடங்களாக ஊர் ஊராக நடக்கிற மோசடி. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டிய வேலையே கிடையாது. ஸ்கேன் செய்வது பணம் கொடுக்கிறவர் வேலை. பெட்டிக்கடையில் ஸ்கேன் செய்வது நாமா, கடைக்காரரா? "முதலில் 1 ரூபாய் அனுப்புகிறேன், பாருங்கள்" என்று அனுப்பி நம்பிக்கை வரவைப்பார்கள். அடுத்து வரும் கோடில் நீங்கள் பின் போட்டால், உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

இன்னொன்றும் நடக்கிறது. 5,000 அனுப்ப வேண்டிய இடத்தில் தெரியாமல் 50,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழாத குறையாகக் கேட்பார்கள். உங்களுக்கு வந்திருப்பது வங்கி அனுப்பியது போலத் தோன்றும் ஒரு எஸ்எம்எஸ் மட்டும்தான். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் எந்தப் பொருளையும் வாசல் தாண்ட விடாதீர்கள். தப்பித்தவறி பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

பணம் வருகிற கணக்கின் பெயரையும் பாருங்கள். வாங்க வந்தவர் ஒருவர், பணம் வருவது யாரோ ஒருவர் கணக்கிலிருந்து என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எங்கோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் கணக்கும் முடங்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பழைய பில் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம். 28,000 என்பது ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் கொடுத்தது. இன்று வாங்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புது ஃபிரிட்ஜுக்கு வாரண்டி உண்டு, தவணை உண்டு, வீட்டிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, உங்கள் மாடிப்படி ஏறி, ஆள் பிடித்து, குட்டி யானை வைத்து எடுத்துப் போகிறவருக்கு நல்ல மிச்சம் தெரிய வேண்டும். திருச்சியில் அதே மாடலுக்கு வந்திருக்கும் விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு மாதமாகக் கிடக்கும் விளம்பரத்தில் இருப்பது யாரும் கொடுக்க முன்வராத விலை. அதற்குக் கீழே போடுங்கள். நானாக இருந்தால் 8,500 போட்டு 7,000-க்குக் கொடுத்துவிடுவேன். கதவைத் திறந்து உள்ளே விளக்கு எரிகிற படம், ஸ்டார் ஸ்டிக்கர் தெரிகிற படம், கம்ப்ரசர் ஓடுகிற ஒரு சின்ன வீடியோ மூன்றும் இருக்கட்டும். கதவு ரப்பர் நைந்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நேரில் வந்து கண்டுபிடித்தால் ஆயிரம் ரூபாய் குறைப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குச் சரிப்படாது. ஆன்லைனில் வாங்கும்போது, புதுசை இறக்குகிற வாசலில்தான் பழசை எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பழசு திருச்சியில், புதுசு புனேயில். 3,000 ரூபாய்க்காக ஃபிரிட்ஜை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

நான் மிகவும் கவலைப்படுவது உங்கள் ஸ்கூட்டரைப் பற்றித்தான். பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 என்ற இரண்டு படிவங்களிலும் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதை நிரப்பாமல் சாவியோடு கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டுவார், இன்னொருவருக்கு விற்பார். ஆர்.சி.யில் மட்டும் உங்கள் பெயரே இருக்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், விபத்துக்குள்ளான கார் பல கை மாறியிருந்தது. ஆனாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் இருந்தவருக்கே என்று சொல்லிவிட்டது. நீங்கள் புனேயில் இருக்கும்போது இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் வாங்குபவரோடு ஆர்.டி.ஓ. அலுவலகப் பெயர் மாற்றத்தை நீங்கள் ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். விற்ற 14 நாளுக்குள் தகவல் தர வேண்டியது உங்கள் கடமையும்கூட. வண்டியை ஒப்படைத்த தேதி, மணி, அவர் கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் அவர் சிக்னல் தாண்டினால் அபராதம் யாருக்கு என்பதற்கு அந்த மணிதான் சாட்சி. வண்டிக் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இருந்தால் பெயர் மாறாது. இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சேர்ந்திருந்தால் அது வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். கம்பெனியிடம் கடிதம் வாங்கிக்கொண்டால் அடுத்த ஸ்கூட்டருக்கு உதவும்.

செல்போன்களில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, பில்லோடு கொடுங்கள்.

வரி பற்றிப் பயமே வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஃபிரிட்ஜ், கட்டில், ஸ்கூட்டர், போன் எல்லாம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகாது. விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்தைக் காட்டி வேறு வரியைக் குறைக்கவும் முடியாது. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை இந்தச் சலுகைக்குள் வராது. மாற்றல் செலவுக்கு நகையையும் விற்கிற எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அப்போது தனியாக எழுதுங்கள்.

ஸ்கூட்டர் விளம்பரத்தை இந்த வாரமே போடுங்கள், பெயர் மாற நாளாகும். தேக்குக் கட்டிலுக்கு அவசரப்பட்டு விலையை இறக்காதீர்கள், நல்ல தேக்குக்கு ஆள் வருவார்கள். ஃபிரிட்ஜுக்கு இப்போதே ஆள் பார்த்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் மீதிப் பணம் வந்ததும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அப்புறமும் விலை போகாமல் நிற்பது ஏதாவது இருந்தால், லாரிக்காரரிடம் அதை ஏற்ற எவ்வளவு என்று கேட்டுப் பார்த்து, கட்டுப்படியாகாவிட்டால் வீட்டு வேலைக்கு வருகிறவருக்கோ வாட்ச்மேனுக்கோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.