ஊளையிடும் மேட்ரிக்ஸ் மிக்சர்: அளவைக் குறைப்பதா, குறியை மாற்றுவதா?

கேள்வி: மயிலாடுதுறையை அடுத்த ஊரிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், தவிலில் ஒட்டிய கான்டாக்ட் மைக்கின் (அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் மைக்) ஒலியைத் தம்முடைய சிறிய மாடுலர் சிந்தசைசருக்குள் (தனித்தனிப் பகுதிகளை இணைத்து ஒலியை உருவாக்கும் மின்னணுக் கருவி) அனுப்பி, டிலே (ஒலியைத் தாமதித்துத் தருவது), ஸ்பிரிங் ரிவர்ப் (சுருள்கம்பி வழியே எதிரொலி சேர்ப்பது), ஃபில்டர் (சில அலைவரிசைகளை வடிகட்டுவது) ஆகிய மூன்று எஃபெக்டுகளையும் 4×4 மேட்ரிக்ஸ் மிக்சர் வழியாக ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார். குமிழ்கள் இருபுறமும் திரும்பும் வகையைச் சேர்ந்தவை, நடுவில் பூஜ்யம். ஒவ்வொரு எஃபெக்டையும் தனியே திருப்பி அனுப்பினால் நன்றாக ஒலிக்கிறது என்றும், இரண்டைச் சேர்த்தவுடன் ஊளையிடுகிறது என்றும், ஊளை இல்லாதபோதும் அடியில் ஒரு ரீங்காரம் பெருகுகிறது என்றும் சொல்கிறார். மிக்சரில் பழுதா, கம்ப்ரஸர் (ஒலியின் உச்சங்களைத் தானாகத் தாழ்த்தும் கருவி) வாங்கினால் தீருமா என்று கேட்கிறார்.

பதில்: நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் மிக்சரில் பழுது இல்லை. புதிதாக எதுவும் வாங்கத் தேவையும் இல்லை. சாதாரண மிக்சர் பல ஒலிகளைச் சேர்த்து ஒரே வழியில் வெளியே அனுப்பும். மேட்ரிக்ஸ் மிக்சரோ, நான்கு உள்ளீடுகளில் ஒவ்வொன்றும் நான்கு வெளியீடுகளில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தனித்தனிக் குமிழால் தீர்மானிக்க விடுகிறது. இது புதிய எண்ணமும் அல்ல. 1969இல் வந்த விசிஎஸ் 3 என்ற பிரிட்டிஷ் சிந்தசைசர், கேபிளே இல்லாமல், 16×16 துளைப் பலகையில் ஊசிகளைச் செருகி இதையே செய்தது. அதே ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரை நிறுவித் தந்த அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்காமல் கருவிகளின் வெளியீட்டையே உள்ளீட்டுக்குத் திருப்பி இசையமைத்ததற்காகப் பின்னாளில் பெயர்பெற்றார். நீங்கள் தொட்டிருப்பது அந்த மரபைத்தான்.

முதலில் இணைப்பை ஒழுங்குபடுத்துவோம். தவில் ஒலி முதல் உள்ளீட்டில் வரட்டும். டிலே, ரிவர்ப், ஃபில்டர் ஆகியவற்றின் வெளியீடுகள் 2, 3, 4ஆம் உள்ளீடுகளுக்கு வரட்டும். மிக்சரின் முதல் வெளியீடு ஸ்பீக்கருக்கும், மற்ற மூன்றும் அதே வரிசையில் டிலே, ரிவர்ப், ஃபில்டருக்கும் போகட்டும். இப்போது 16 குமிழ்களில் 7 குமிழ்கள் சுழற்சிக்குள் வருவதே இல்லை: தவிலை நான்கு இடங்களுக்கு அனுப்பும் நான்கும், எஃபெக்டுகளை ஸ்பீக்கருக்கு அனுப்பும் மூன்றும். ஊளைக்குக் காரணமாகக் கூடியவை மீதமுள்ள 9 மட்டுமே. அவற்றில் மூன்று ஓர் எஃபெக்டைத் தனக்கே திருப்புபவை. ஆறு, ஒன்றை மற்றொன்றுக்கு அனுப்புபவை. எஃபெக்டுகளிலேயே உள்ள ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்புவது) குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். மிக்ஸ் குமிழை முழுவதும் எஃபெக்டின் பக்கமே திருப்புங்கள். மிக்ஸ் பாதியில் இருந்தால் எஃபெக்ட் படாத ஒலியும் தாமதமின்றிச் சுற்றும். அப்போது கீழே சொல்லும் கணக்கு எதுவும் பொருந்தாது.

கல்யாண மண்டபத்தில் மைக் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டால் ஏன் ஊளையிடும் என்பது நம் ஊர் மைக் செட்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும்: ஒரு சுற்று சுற்றி வரும் ஒலி, புறப்பட்டபோது இருந்ததைவிடப் பெரிதாக வந்தால் அது நிற்காது. ஒரே ஒரு சுழற்சி என்றால் பெருக்கம் 1க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சுழற்சிகள் ஒன்றோடொன்று பின்னும்போது அந்தச் சோதனை போதாது. உங்களைக் குழப்பியிருப்பதும் இதுதான். டிலேயும் ரிவர்ப்பும் தமக்குத் தாமே 0.5 அளவு திரும்புகின்றன, ஒன்றுக்கொன்று 0.8 அளவு அனுப்புகின்றன என்று கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 1க்குக் கீழ்தான்: தனக்குத் திரும்புவது 0.5, போய்வரும் சுற்று 0.8 × 0.8 = 0.64. ஆனால் இரண்டும் சேரும்போது, இரு எஃபெக்டுகளிலும் ஒரே போக்கில் ஓடும் ஒலிக்கு ஒவ்வொரு சுற்றிலும் 0.5 + 0.8 = 1.3 மடங்கு பெருக்கம் கிடைக்கிறது. ஊளை நிச்சயம்.

எல்லாக் குமிழ்களையும் குறைப்பதே பலரும் செய்வது. ஒலி உயிரற்றுப் போவதும் அதனால்தான். அளவைத் தொடாமல், டிலேயிலிருந்து ரிவர்ப்புக்குப் போகும் ஒரே ஒரு குமிழை மட்டும் இடப்பக்கம் திருப்பி −0.8இல் வையுங்கள். அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கி அனுப்புங்கள். இப்போது ஒரு சுற்றின் பெருக்கம், 0.5, 0.8 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டிய 0.25 + 0.64 = 0.89இன் வர்க்கமூலம், சுமார் 0.94. நான்கு குமிழ்களிலும் அளவு மாறவில்லை, ஒன்றின் குறி மட்டுமே மாறியது, 1.3 இருந்த இடத்தில் 0.94 வந்துவிட்டது. டிலே நேரத்தை எப்படி மாற்றினாலும் இந்த அமைப்பு அடங்கியே இருக்கும். ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டிருந்த இரு சுழற்சிகளை, ஆற்றலை இழக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழல வைத்திருக்கிறீர்கள். டிஜிட்டல் ரிவர்ப்களின் உள்ளே பல டிலேக்களைப் பின்னுவதும் இதே உத்தியால்தான்.

மூன்று எஃபெக்டுகளையும் பின்ன விரும்பினால், 9 குமிழ்களும் ஒரே குறியில் ஒரே அளவில் இருக்கும்போது எல்லை 1/3தான். அதற்கு மேல் போனால் ஊளை. மாறாக, தனக்குத் தானே திரும்பும் மூன்றையும் +1/3இலும் மற்ற ஆறையும் −2/3இலும் வைத்தால் பெருக்கம் சரியாக 1இல் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சற்றுக் குறைத்துக்கொண்டால் நீண்ட, அடர்த்தியான ஒலி கிடைக்கும். முழுத் திருப்பம் 1 மடங்காகவும் அளவு சீராக ஏறுவதாகவும் இருக்கும் குமிழில், +1/3 என்பது கடிகார முள்ளின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி. −2/3 என்பது எட்டே முக்கால் மணி. எஃபெக்டுகள் ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருகின்றன என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ஸ்பிரிங் ரிவர்ப் சில அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கும். ரெசனன்ஸ் (ஓர் அலைவரிசையை மட்டும் தூக்கிக் காட்டும் அமைப்பு) ஏற்றிய ஃபில்டரும் அப்படியே. ஆகவே ரெசனன்ஸைக் குறைவாக வைத்துத் தொடங்கி, கணக்கு காட்டும் இடத்திற்குச் சற்று உள்ளேயே நில்லுங்கள். பிறகு எந்த அலைவரிசையில் ஊளையிட வேண்டும் என்பதை ஃபில்டரைக் கொண்டு நீங்களே தேர்ந்தெடுக்கலாம்; ஃபீட்பேக் வாசிப்பின் சுகம் அங்கேதான் தொடங்குகிறது.

இனி அந்த ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிலே நேரம் 20 மில்லிசெகண்டாகவோ அதன் மடங்காகவோ அமைந்து, ஃபீட்பேக் நேர்க்குறியில் 0.9 இருந்தால், அந்த 50 ஹெர்ட்ஸ் 10 மடங்கு பெருகும். அதே குமிழை −0.9க்குத் திருப்பினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். இது தற்காலிக நிவாரணம் மட்டுமே. கான்டாக்ட் மைக்குக்குச் சுமார் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) இருக்கிறதா, ஸ்பிரிங் பெட்டி மின்மாற்றியை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். பல மேட்ரிக்ஸ் மிக்சர்கள் நேர்மின்னழுத்தத்தையும் (அலையாக மாறாமல் நிலையாக நிற்கும் டிசி மின்னழுத்தம்) கடத்துபவை. எங்கோ இருக்கும் 0.1 வோல்ட் விலகல்கூட அதே 0.9 சுழற்சியில் 1 வோல்ட்டாகிவிடும். தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலியும் சுழற்சியில் தேங்கித்தான் எல்லாவற்றையும் சேறாக்குகிறது. சுழற்சிக்குள் 40 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ளவற்றை வெட்டுவது) இருந்தால் நேர்மின்னழுத்த விலகல் நின்றுவிடும். தொப்பியின் கனத்துக்கு அதை இன்னும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். மைக்கைத் தோலில் ஒட்டாமல் கட்டையில், வலந்தலை ஓரமாக ஒட்டிப் பாருங்கள். விரல் கூடுகளின் கூர்மையான தட்டுகள் குறுகிய டிலேயை மிக நன்றாக எழுப்பும்.

அந்தக் குறுகிய டிலேயைச் சுருதிக்கே சேர்க்க முடியும் என்பதை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தில் இன்று வழக்கில் உள்ளது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரவச் செய்த பாரி நாயனம்; அதற்கேற்ப 2 கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் ஷட்ஜத்தை 293.7 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், டிலே நேரம் சுமார் 3.4 மில்லிசெகண்ட். உங்கள் டிலே அவ்வளவு கீழே இறங்குமானால், அதைத் தனக்கே +0.9 அளவு திருப்புங்கள். ஒவ்வொரு தட்டும் ஷட்ஜத்தில் ரீங்கரிக்கும். குமிழை −0.9க்குக் கொண்டுபோனால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி 146.8 ஹெர்ட்ஸாகும், அதன் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே எஞ்சும். மூன்றாம் மடங்கு பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். டிஜிட்டல் டிலேயானால் அதன் உள் தாமதமும் கூடும் என்பதால், எண்ணை நம்பாமல் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டுக் காதால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸரைப் பொறுத்தவரை, ஸ்பீக்கருக்கு முன்னால் அதை வைப்பதால் ஊளை நிற்காது. சத்தம் மட்டுமே குறையும். அது பயன்படும் இடம் சுழற்சிக்குள், ஃபில்டரின் வெளியீட்டுக்கும் நான்காம் உள்ளீட்டுக்கும் நடுவில். அங்கே, ஃபில்டர் வழியாகச் செல்லும் சுழற்சியின் பெருக்கத்தை 1க்குச் சற்று மேலே வேண்டுமென்றே கொண்டுபோனாலும் ஒலி உடையாமல் ஒரே மட்டத்தில் நின்று பாடும். கம்ப்ரஸரின் மேக்-அப் கெயினை (தாழ்த்திய ஒலியை மீண்டும் உயர்த்தும் குமிழ்) பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். அதுவும் சுழற்சியின் பெருக்கத்தில் சேரும். பழகும் நாட்களில் ஹெட்ஃபோன் வேண்டாம். யூரோராக்கில் (மாடுலர் சிந்தசைசர்களின் பரவலான ஒரு வடிவம்) ஊளை, மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரை ஏறக்குறைய 20 வோல்ட் போகக்கூடும் என்பதால், ஸ்பீக்கருக்குப் போகும் முதல் வெளியீட்டின் நான்கு குமிழ்களையும் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சுழற்சிக் குமிழ்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.