பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்பது: கேள்வி பதில்

கேள்வி அனுப்பும்போது மூன்று விவரம் சேர்த்து எழுதுங்கள். லேபிளில் உள்ள மாடல் எண், கரன்ட் கொடுத்ததும் வரும் சத்தம், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகிறதா என்பது. இவை தெரிந்தால் கோளாறு எந்த இடத்தில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பதில் வரும்வரை டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். பழுதான டிஸ்க் இன்னும் எவ்வளவு நேரம் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற நேரம் முழுவதும் காப்பி எடுப்பதற்கே போக வேண்டும்.

கேள்வி: அண்ணா, லேப்டாப்பில் 1 டிபி டிஸ்க். விண்டோஸ் திறக்கவே 20 நிமிஷம் ஆகுது. சில ஃபோல்டரைத் தொட்டா அப்படியே நின்னுடுது. வேறு சத்தம் இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் காட்டுது. செக்டிஸ்க் ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம் தம்பி. செக்டிஸ்க், எந்த ஃபைல் எங்கே என்று வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை நேர்செய்யும் கருவி, டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் கருவி அல்ல. ஒரு ஃபோல்டரின் பதிவு படிக்க முடியாத செக்டரில் (தகவல் எழுதப்படும் சிறு துண்டு இடம்) மாட்டியிருந்தால், அந்தப் பதிவையே வெட்டிவிட்டு, உள்ளே இருந்த ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஓரத்தில் கொட்டிவிடும். அதுவும் உங்கள் ஒரே பிரதியின் மேல்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள். மஞ்சள் காட்டும் அதன் திரையில் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். சி6 என்பது டிஸ்க் தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. சி5 ஏறிக்கொண்டே போனால் உடனே காப்பி எடுக்க வேண்டும். சி7 (கேபிள் வழியே வரும் தகவலில் பிழைகள்) மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் கேபிள்தான் காரணம். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

காப்பியை விண்டோஸில் எடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கண்டதும் அது தானாகவே திறந்து படிக்கவும் எழுதவும் ஆரம்பித்துவிடும். உபுண்டு லைவ் யூஎஸ்பியில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, பழுதான டிஸ்க்கைக் காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) கருவியை நிறுவுங்கள். காப்பி போகும் டிஸ்க் இதே அளவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கு மைனஸ் டி (-d), மைனஸ் என் (-n) ஆப்ஷன்கள். இதில் சிக்கலான இடங்களை நோண்டாமல் தாண்டிப்போய், சுலபமாக வருவதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். இரண்டாவது ஓட்டத்தில் மைனஸ் என்-ஐ எடுத்துவிட்டு மைனஸ் ஆர் 3 (-r3) கொடுங்கள். விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பதெல்லாம் மேப் ஃபைலில் பதிவாகும். அது இருந்தால்தான் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லைவ் யூஎஸ்பியின் டெஸ்க்டாப் ரேமில்தான் இருக்கிறது. மேப் ஃபைலை அங்கே வைத்தால் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். தனி பென் டிரைவில் வையுங்கள்.

என்டர் தட்டும் முன்பு மூலம் எது, இலக்கு எது என்பதை மாடல், சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டளையில் முதலில் வருவது மூலம். இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்படும், அதற்கு மருந்தே கிடையாது. நொடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபி முடிய மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். பழுதான டிஸ்க்கில் நாள் கணக்கில் இழுக்கலாம். டேபிள் ஃபேன் ஒன்றைத் திருப்பிவிடுங்கள். நடுவில் 'டக்' சத்தம் ஆரம்பித்தால் அப்போதே நிறுத்துங்கள். காப்பி முடிந்த பிறகு அதன் இன்னொரு பிரதியில் செக்டிஸ்க்கோ வேறெதுவோ ஓட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: சார், டெஸ்க்டாப் டிஸ்க் 'டக்... டக்... டக்' என்று ஏழெட்டு முறை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள்.

பதில்: வைக்காதீர்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் நம் ஊர் காற்றின் ஈரம் அதன் மேலும், உள்ளே தகவல் எழுதப்படும் தட்டுகளின் மேலும் படியும். ஈரத்தோடு சுற்றினால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

அந்தச் சத்தம் வரும் விதம் இது: தட்டின் மேல் எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிகளை, தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் படித்தால்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். படிக்க முடியாதபோது ஹெட்டைத் தாங்கும் கை ஒரு ஓரம்வரை போய்த் தடுப்பில் முட்டித் திரும்புகிறது. பெரும்பாலும் ஹெட் போயிருக்கும். ஓடும் நிலையில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. வளைந்த ஹெட் தட்டை உரசினால் காந்தப் பூச்சு உரிந்து பொடியாகும். பொடியாகப் போன இடத்தை எந்த லேபும் (தகவல் மீட்புக் கூடம்) மீட்க முடியாது. 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்ற ஒவ்வொரு முயற்சியும் அந்த உரசலைக் கூட்டுகிறது.

இதற்கு ஹெட்டை மாற்ற வேண்டும். ஒரே மாடல், பொருந்தும் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்), கூடியவரை நெருங்கிய தயாரிப்புத் தேதி கொண்ட இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து, தூசு வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்து மாற்றுவார்கள். கிளாஸ் 100 என்பார்கள். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 100-க்குள் இருக்க வேண்டும். வீட்டு மேசையில் மூடியைத் திறந்தால் லேபின் வேலை பல மடங்கு கடினமாகும்.

கேள்வி: கீழே விழுந்த 2.5 அங்குல வெளி டிஸ்க். டக் சத்தம் இல்லை, மெலிதாக 'பீ... பீ' என்கிறது. கையில் பிடித்தால் சுற்றுவது தெரியவில்லை.

பதில்: முதலில் வேறு கேபிள், கணினியின் பின்புற போர்ட் இரண்டிலும் ஒரே ஒரு முறை பாருங்கள். கரன்ட் போதாமலும் இப்படிக் கத்தும். மாறவில்லை என்றால் ஹெட் தன் ஓய்விடத்துக்குப் போகாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்க வேண்டும். மோட்டார் சுற்ற முயன்று தோற்கும் ஒலி அது. தட்டிப் பார்க்காதீர்கள், சுழற்றி உதறாதீர்கள். ஒட்டிய ஹெட் பிய்ந்து வரும். சும்மா விட்டு லேபில் கொடுத்தால், ஹெட் ஒட்டியதாக இருந்தால் பல நேரம் முழுத் தகவலும் வரும்.

கேள்வி: 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டருக்குப் பதில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டோம். லேசான கருகல் வாசனை. இப்போது சத்தமே இல்லை. அதே மாடல் சர்க்யூட் பலகை வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: பலகை வாங்கும் முன் டிஸ்க்கின் பலகையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஆறு முனை டார்க்ஸ் திருகுதான். பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்பு டையோடு இருக்கும், ஒன்று 5 வோல்ட் வழிக்கு, மற்றது 12 வோல்ட் வழிக்கு. டிவிஎஸ் டையோடு என்று பெயர். வோல்டேஜ் எகிறினால் தான் ஷார்ட் ஆகி மற்ற சிப்புகளைக் காப்பாற்றுவதே அதன் வேலை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரு பக்கமும் மாற்றி மாற்றித் தொடுங்கள். இரண்டு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட். உங்கள் விஷயத்தில் 12 வோல்ட் டையோடுதான் போயிருக்க வாய்ப்பு. அதைச் சால்டரிங் அயனால் எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஷார்ட் நீங்கியிருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கொண்ட டெஸ்க்டாப்பில் நேராகச் சாட்டாவில் மாட்டி உடனே காப்பி எடுங்கள். இப்போது அதற்குப் பாதுகாப்புக் கிடையாது, எனவே காப்பி முடியும்வரைக்கும் மட்டும்தான் அந்த ஓட்டம். எடுத்த பிறகும் ஷார்ட் காட்டினால் மோட்டாரை ஓட்டும் சிப்பும் போயிருக்கலாம்.

பலகை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அப்படியே மாற்றிப் பயனில்லை. அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கென்று தொழிற்சாலையில் அளந்து வைத்த மதிப்புகள் எட்டுக் கால் கொண்ட சிறிய ராம் சிப்பில் உள்ளன. (ரேம் அல்ல, படிக்க மட்டுமான நினைவகம்.) பழைய பலகையிலிருந்து அதைப் பெயர்த்துப் புதியதில் ஒட்ட வேண்டும். செல்போன் பழுதுபார்ப்பவர் ஹாட் ஏர் வைத்துச் செய்துவிடுவார். தனிச் சிப் இல்லாத மாடலில் அது பெரிய சிப்பின் உள்ளேயே இருக்கும், அது லேப் வேலை.

கேள்வி: வெளி டிஸ்க்கின் யூஎஸ்பி போர்ட் உடைந்ததால் கழற்றி நேராகக் கணினியில் மாட்டினேன். ஃபார்மேட் செய்யச் சொல்கிறது.

பதில்: செய்யாதீர்கள், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். பெரிய வெளி டிஸ்க்குகள் சிலவற்றில், கேஸில் உள்ள சிறு பலகை 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாகச் சேர்த்துக் காட்டும். பலகை இல்லாமல் மாட்டினால் கணக்கு இடிக்கும். டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்ற பலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் தகவல் மறையாக்கம் செய்தே எழுதப்படுகிறது. உடைந்த போர்ட்டை மட்டும் மாற்றி அதே பலகையில் ஓட்டுங்கள். பழைய பலகையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணப் படங்கள் இருந்த 2 டிபி டிஸ்க்கைப் பையன் தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டான். டிஸ்க் நல்ல நிலையில்தான் உள்ளது.

பதில்: குவிக் ஃபார்மேட்டா, முழு ஃபார்மேட்டா என்று அவரிடம் கேளுங்கள். குவிக் என்றால் சில நொடியில் முடிந்திருக்கும். புதிய அட்டவணை மட்டும் எழுதப்பட்டிருக்கும். முழு ஃபார்மேட், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. பாதியில் நிறுத்தியிருந்தால் மீதிப் பாதிக்கு நம்பிக்கை உண்டு.

குவிக் என்றால் ஒரு ஃபைலும் புதிதாக எழுதாமல் முழுக் காப்பி எடுத்துக்கொண்டு, பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பதிவுகளைத் தேடும் மென்பொருளை முதலில் ஓட்டுங்கள். ஃபோல்டரும் பெயரும் சேர்ந்தே வரும். அதில் விட்டுப்போனதற்கு மட்டும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள். அது ஃபைலின் தலைப்பகுதியை அடையாளம் கண்டு அள்ளுவதால் படம் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் அதில் உடைந்தே வரும். மீட்டவற்றை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுபவை) சிலவற்றுக்கு எஸ்எஸ்டி போலவே டிரிம் (எந்த இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் கட்டளை) உண்டு. அவற்றில் ஃபார்மேட் செய்த இடம் வெறும் பூஜ்யமாக வரலாம். அதனால் மாடல் எண்ணை அனுப்புங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலை மீட்கலாமா?

பதில்: டிரிம் ஓடிவிட்டால் பெரும்பாலும் இல்லை. இப்போதைய விண்டோஸில் அழித்த சிறிது நேரத்திலேயே ஓடிவிடும். உடனே கரன்ட்டை நிறுத்தியிருந்தால் மட்டும் லேபில் கேட்டுப் பாருங்கள். விண்டோஸின் மறையாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தால், பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் எந்த லேபாலும் எதுவும் செய்ய முடியாது. மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம், தேடுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் கம்ப்யூட்டர் இரண்டு நாள் மூழ்கியிருந்தது. டிஸ்க்கை வெயிலில் காயவைத்திருக்கிறோம்.

பதில்: உடனே வெயிலிலிருந்து எடுங்கள். சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தம் சமப்பட ஒரு சிறு துளை உண்டு, சேற்று நீர் அதன் வழியே உள்ளே போயிருக்கும். காய்ந்தால் மண்ணும் உப்பும் தட்டில் கறையாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஈரம் இருந்தால் ஈரத் துணியோடு ஜிப் கவரில் மூடி, கரன்ட் கொடுக்காமல், ஓரிரு நாளில் லேபில் சேருங்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்க் என்றால் அந்தத் துளை கிடையாது, பெரும்பாலும் பலகையைச் சுத்தம் செய்வதோடு முடியும்.

கேள்வி: லேபில் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

பதில்: முதலில் காப்பி எடுத்து, காப்பியில்தான் வேலை செய்வார்களா என்று கேளுங்கள். தகவல் வராவிட்டால் கட்டணம் உண்டா, ஹெட் எடுக்கும் டிஸ்க்கின் விலை தனியா என்பதை எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் ஃபைல் பட்டியலைக் காட்டச் சொல்லி, உங்களுக்கு மிக முக்கியமான நாலைந்து ஃபைலைத் திறந்தே பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் உள்ளே பூஜ்யமாக இருப்பது சகஜம். எந்த ஃபோல்டர் அவசியம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஹெட் மாற்றிய டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடும் என்பதால், தெரிந்தால் அதை முதலில் படித்து எடுத்துவிடுவார்கள்.